மணிச்சத்தம் கேட்கும் ஆழம்

கோயமுத்தூரில் சரவணம்பட்டியைத் தாண்டி, தோட்டங்களை மனையாக்கி மனைகளைக் கம்பெனியாக்கிக்கொண்டிருந்த ஒரு வீதியில், ‘ஊற்று’ என்று பெயர்ப்பலகை மாட்டிய வாடகை வீடு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அஸ்திவாரத்தோடு நாலு முழம் மேலே எழும்பி அப்படியே நின்றுகொண்டபோது, வீட்டுக்காரர் சின்னச்சாமி வெளியே வந்து, இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“ஏனம்மிணி, இருக்கிற படி இனிமே பத்தாது. புதுப்படி கட்டற வேல உங்களுதா, என்னுதா?”

ஜன்னலில் மேகலா நின்றிருந்தாள். அவள் ஊற்று கம்பெனியில் ஃபோன் எடுக்கிறவள். கம்பெனியை ஆரம்பித்த நவநீதனுக்கு அக்கா. உள்ளே திரும்பிப் பார்த்தாள். தம்பி ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகத்தோடு நின்றுகொண்டிருந்தான். பெங்களூரில் இருக்கிற பெரிய முதலாளி ஒருவர் அவன் கம்பெனியில் பணம் போடச் சம்மதித்துவிட்டார் என்ற செய்தி அப்போதுதான் வந்திருந்தது. அவன் மனசு எழும்பியது, கூடவே வீடும் எழும்பிவிட்டது, அவ்வளவுதான். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்றுதான் வீதியில் எல்லோரும் நினைத்தார்கள்.

நவநீதன் கண்டுபிடித்தது செங்கல் அளவுக்கு ஒரு கருவி. அதை நிலத்தில் வைத்தால் மண்ணுக்குள் காது கொடுத்துக் கேட்டு, எத்தனை அடியில் தண்ணீர் இருக்கிறது என்று ஃபோனில் சொல்லும். அன்னூர் பக்கத்தில் அவர்களுடைய அப்பா கிணறு வற்றிய பிறகு தோட்டம் முழுக்க போர் போட்டுப் பார்த்தவர். கடைசியாகப் போட்டதிலும் தண்ணீருக்குப் பதில் வெள்ளைப் புகையாகக் கல்பொடிதான் வந்தது. தலையிலிருந்து கால்வரை பொடி மூடி, கண் மட்டும் தெரிய வீட்டுக்கு வந்த அப்பாவை வாசலில் நின்று பார்த்தபோது நவநீதன் நாலாம் வகுப்பு. அப்பா அந்த வருஷத்தைத் தாண்டவில்லை. ‘இனி ஒருத்தரும் இப்படி வீட்டுக்கு வரக்கூடாது’ என்பதுதான் அந்தக் கம்பெனிக்கு மூலதனம் என்று மேகலாவுக்கு மட்டும் தெரியும். அதனால்தான் காலேஜில் வாத்தியார் வேலையை விட்டுவிட்டு அவனோடு வந்து உட்கார்ந்தாள்.

வீடு எழும்புவதும் இறங்குவதும் அதற்குப் பிறகு பழகிப்போயிற்று. நல்ல சேதி வந்தால் மேலே போகும், கெட்ட சேதி வந்தால் மண்ணுக்குள் அமுங்கும். கட்டட வேலைக்காரர்கள் செங்கல் ஏற்றுகிற லிஃப்ட் ஒன்றைச் சின்னச்சாமி பழைய விலைக்கு வாங்கி வாசலில் நிறுத்தினார். மின்வாரியத்து லைன்மேன் ஒயரைத் தாராளமாகச் சுருட்டி விட்டுவிட்டுப் போனார். எதிரே டீக்கடை வைத்திருந்த பீர்முகமது வாளியில் கயிறு கட்டி, மேலே இருந்தால் ஏற்றியும் கீழே இருந்தால் இறக்கியும் டீ அனுப்பினார். வீடு உயரத்தில் இருந்தால் அடியில் விழுகிற நிழலில் ஆட்டோக்காரர்கள் வண்டியை நிறுத்திக்கொண்டு தூங்கினார்கள். மாநகராட்சியிலிருந்து வந்த ஒருவர், இதை எத்தனையாவது மாடி என்று வரி போடுவது என்று யோசித்து யோசித்து, கடைசியில் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வரவே இல்லை. கம்பெனியில் வேலை பார்த்த டேனியலுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள், முதலில் தெருமுனையில் நின்று வீடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள்.

கம்பெனிக்கென்று ஒரு பழக்கமும் இருந்தது. புதிதாக ஒரு விவசாயி கருவி வாங்கினால், கூடத்தில் தொங்கிய வெண்கல மணியை அடிக்க வேண்டும். மணி அடித்தால் எல்லோரும் கைதட்ட வேண்டும். நவநீதன் ஓடி வந்து, யார், எந்த ஊர், எத்தனை ஏக்கர் என்று கேட்பான், கேட்கக் கேட்க வீடு ஒரு விரற்கடை மேலே போகும். வீதியில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிற பெண்கள் கூட மணிச்சத்தம் கேட்டால் தலை நிமிர்ந்து, ‘ஏறுது பாரு’ என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொள்வார்கள்.

ஆனால் ஒன்றை மேகலா கவனித்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு முறையும் வீடு போன தடவையைவிட அதிகமாக ஏறியது, போன தடவையைவிட ஆழமாக இறங்கியது. மேலே வரும்போது சுவரில் ஒட்டியிருந்த மண் முதலில் செம்மண்ணாக இருந்தது. அப்புறம் சுண்ணாம்புக்கல். அப்புறம், அப்பாவை மூடியிருந்த அதே வெள்ளைக் கல்பொடி.

பெங்களூர்க்காரர் ஒரு மாசம் முழுக்க ஃபோனை எடுக்காமல் போன கோடையில்தான் வீடு மொட்டைமாடி மட்டும் தெரிய உள்ளே போய்விட்டது. ஜன்னலைத் திறந்தால் பாறை. ட்யூப்லைட் வெளிச்சத்தில் எல்லோரும் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருக்க, காற்று குறையக் குறைய நிர்மலா என்ற பெண் மயங்கி விழுந்தாள். அப்போது தரைக்கு அடியிலிருந்து காலி அண்டாவைத் தட்டுவது போல ஒரு சத்தம் கேட்டது. கீழே இன்னும் இடம் இருக்கிறது என்று சொல்லுகிற சத்தம். மேகலா தம்பியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அம்மா அன்றைக்குக் கொள்ளுப்பருப்பு கடைந்திருக்கிறாள் என்றும், வீட்டு நாய் நாலு குட்டி போட்டிருக்கிறது என்றும், அதில் ஒன்றுக்கு அவன் காதைப் போலவே மடிந்த காது என்றும் சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசிக் குட்டியைப் பற்றிச் சொல்லும்போது அவன் லேசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் வீடு மெல்ல மேலே வந்தது.

மறுநாள் பீர்முகமதின் டீக்கடையில், நவநீதன் இல்லாத நேரம் பார்த்து, கம்பெனிக்காரர்களும் வீதிக்காரர்களும் கூடிப் பேசினார்கள். நிர்மலாவின் அப்பா கைகூப்பிக் கேட்டார்.

“அந்தத் தம்பி காதுல இனி ஒரு கெட்ட சேதியும் விழுகக் கூடாதுங்க. எம்புள்ள உசுரு அதுல இருக்குது.”

“அவரு பாக்கறது செவுத்துல இருக்கற பெரிய டீவிதானுங்க,” என்றான் டேனியல். “பெங்களூர்க்காரங்களுக்குக் காட்டறதுக்குன்னு நான் ஒண்ணு செஞ்சு வெச்சிருக்கறேன். வெறும் மாதிரிக் கணக்கு. தெனமும் புதுசு புதுசா ஆளு சேர்ற மாதிரி கோடு ஏறிக்கிட்டே இருக்கும். அதையே ஓட விட்டுரலாம்.”

கம்பெனி நடத்துகிறவர்கள் விருந்தாளிக்குக் காட்டுவதற்கென்று இப்படி ஒன்றைச் செய்து வைத்திருப்பது சாதாரணம்தான். விருந்தாளி போன பிறகும் அதை அணைக்காமல் விடுவதுதான் விபரீதம். எல்லோரும் மேகலாவைப் பார்த்தார்கள். அவள் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே, “சரி” என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக அவள் பிற்பாடு அழுத அழுகைக்குக் கணக்கில்லை.

அன்றிலிருந்து வீதியே ஒன்றாகச் சேர்ந்து பொய் சொல்லிற்று. டீவியில் கோடு ஏறியது, இல்லாத ஊரில் இல்லாத விவசாயிகள் கருவி வாங்கினார்கள், டேனியல் மணி அடித்தான், எல்லோரும் கைதட்டினார்கள். பீர்முகமது பேப்பரில் கெட்ட சேதி வந்த பக்கத்தைக் கிழித்து அதிலே வடை மடித்துவிட்டு, மிச்சப் பேப்பரை மட்டும் மேலே அனுப்பினார். காய்ச்சலில் கிடந்த அம்மா ஃபோனில், “நல்லா இருக்கறேன் சாமி” என்றாள். வீதியில் ஒரு சாவு விழுந்தபோது பறை அடிக்காமல், அழுகிறவர்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, கம்மென்று எடுத்துக்கொண்டு போனார்கள். வீடு தென்னைமரத்தைத் தாண்டிற்று, செல்போன் கோபுரத்தைத் தாண்டிற்று. சாயங்காலம் அதன் நிழல் பக்கத்து ஊர் வரைக்கும் போய் விழுந்தது. மேலே குளிர் அடிக்கிறது என்று கம்பெனிக்காரர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்த்தார்கள். நவநீதன் ஜன்னலோரம் நின்று, தூரத்துப் பச்சையெல்லாம் தன் கருவி காட்டிய தண்ணீர் என்று நம்பி, கண் நிறையப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கருவியோ தப்புச் சொல்லிக்கொண்டிருந்தது. பாறைக்குள் இருக்கிற வெறும் பொந்தையும் அது தண்ணீர் என்றே எடுத்துக்கொண்டது. டேனியலுக்கு அது தெரியும், மேகலாவுக்கு அவனுக்கு முன்னாலேயே தெரியும், ஏனென்றால் ஃபோன் எடுக்கிறவள் அவள்தான். அன்னூர், அவிநாசி, பல்லடம் என்று எங்கெங்கிருந்தோ விவசாயிகள் கூப்பிட்டார்கள். யாரும் கத்தவில்லை, கத்தியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். பிறகு நேரிலேயே வரத் தொடங்கினார்கள். தலையிலிருந்து கால்வரை கல்பொடி மூடி, கண் மட்டும் தெரிய, வீட்டின் நிழலில் வந்து அண்ணாந்து நின்றார்கள். வீதிக்காரர்கள் அவர்களை உட்காரவைத்து, டீ கொடுத்து, பேச்சை மட்டும் மேலே போக விடாமல் அனுப்பிவைத்தார்கள்.

அப்படி வந்தவள்தான் பாப்பாத்தி. மடியில் கட்டிக்கொண்டு வந்த துணிமுடிச்சை அவிழ்த்து, உள்ளே இருந்த வெள்ளைக் கல்பொடியை மேகலாவிடம் காட்டினாள்.

“மூணு குழி போட்டாச்சுங்க அம்மிணி. மூணுலயும் இதான் வந்துச்சு. எங்கூட்டுக்காரரு, மிஷினு பொய் சொல்லாது, நாமதான் எடம் தவறிட்டோம்னு நாலாவதுக்குப் போர் வண்டி சொல்லிட்டாருங்க. ஆடு மாடெல்லாம் போச்சு. இனி விக்கறதுக்கு நாங்க வெள்ளாம பண்ற அந்தக் காடுதான் இருக்குது. மிஷினையே நிறுத்தச் சொல்லுங்க. நாஞ் சொன்னாக் கேக்கமாட்டாரு, அது நின்னாத்தான் இவரு நிப்பாரு.”

கருவிகளை எல்லாம் ஒரே நேரத்தில் நிறுத்துகிற சொல் ஒன்று இருந்தது. அது நவநீதன் ஒருவனுக்குத்தான் தெரியும். மேகலா முடிச்சை வாங்கிக்கொண்டாள். சொன்னால் வீடு எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். சொல்லாவிட்டால் இன்னும் எத்தனை பேர் அப்பாவைப் போல வீட்டுக்குப் போவார்கள் என்பதும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் ஆயுத பூஜை வரைக்கும் காத்திருந்தாள்.

ஆயுத பூஜையன்று வண்டிகளைக் கழுவிச் சந்தனம் வைக்க வேண்டும், பொரிகடலை பங்கிட வேண்டும் என்று சொல்லி எல்லோரையும் கீழே இறக்கிவிட்டாள். கடைசியாக டேனியல் லிஃப்டில் ஏறும்போது அவள் முகத்தைப் பார்த்து, “வேண்டாங்கக்கா” என்றான். அவள் கதவைச் சாத்தினாள்.

நவநீதன் டீவிக்கு முன்னால் மணிக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தான்.

“நவநீ, அந்த டீவிய நிறுத்துடா.”

“ஏனக்கா? பாரு, எப்படி ஏறுதுன்னு.”

“அது நெசமில்லடா. பெங்களூர்க்காரங்களுக்குக் காட்ட டேனியல் செஞ்சு வெச்சது. உம்மனசு எறங்கிரக் கூடாதுன்னு நாங்கதான் அதையே ஓட விட்டுக்கிட்டு இருக்கறோம்.”

அவன் சிரித்தான். அவள் முடிச்சை அவிழ்த்து மேஜைமேல் கொட்டினாள். வெள்ளைப் பொடி பரவிற்று. “அன்னூர்ல ஒரு காட்டுல வந்தது. நம்ம கருவி தண்ணி இருக்குதுன்னு சொன்ன எடத்துல வந்தது.” அவன் ஒரு விரலால் தொட்டு மூக்கருகில் கொண்டுபோனான். சின்ன வயதில் அப்பா சட்டையில் அடித்த அதே வாசம்.

“எத்தன பேருக்கக்கா இப்படி?”

“எனக்கு ஃபோன் பண்ணுனவங்களே நெறயப் பேரு.”

“எப்ப இருந்து உனக்குத் தெரியும்?”

“சித்திரையில இருந்து.”

“டேனியலுக்கு? நிர்மலாவுக்கு?”

“எல்லாருக்கும் தெரியும்டா. வீதிக்கே தெரியும்.”

கருவி தப்பு என்று கேட்டபோது வீடு அசையவில்லை. எல்லோருக்கும் தெரியும் என்று கேட்டபோதுதான் அசைந்தது. அவன் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து, தனக்கு மட்டும் தெரிந்த அந்தச் சொல்லை அடித்தான். கொங்கு நாடு முழுக்கக் காடுகளில் கிடந்த கருவிகளில் எரிந்த சின்னப் பச்சை விளக்குகள் ஒரே சமயத்தில் அணைந்தன. ஜன்னலில் செல்போன் கோபுரம் மேலே போயிற்று, தென்னைமரம் மேலே போயிற்று, மின்கம்பி மேலே போயிற்று.

“நீ எறங்கிக்கக்கா.”

“நீயும் வாடா, கண்ணு. ஒண்ணாப் போயிரலாம்.”

“காலு எந்திரிக்க மாட்டேங்குது.”

அவள் அவன் கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துக்கொண்டு வந்தாள். வாசல் வீதிமட்டத்துக்கு வந்து, நிற்காமல் கடந்தபோது, பீர்முகமதும் டேனியலும் குனிந்து அவள் தோளைப் பிடித்துத் தூக்கினார்கள். கை நழுவிற்று. “இனிமேலாவது நெசத்தச் சொல்லுக்கா” என்றது அவன் குரல். அப்புறம் மொட்டைமாடி போயிற்று, தண்ணீர்த் தொட்டி போயிற்று. சதுரமாக ஒரு குழி மட்டும் இருந்தது, அதற்குள் வெகுநேரம் மணி ஆடி ஆடி அடித்துக்கொண்டிருந்தது.

வீதி இதையும் ஏற்றுக்கொண்டது. முதல் வாரம் பலர் அழுதார்கள், நிஜமாகவே அழுதார்கள். பீர்முகமது கயிற்றோடு கயிறு முடிந்து தினமும் வாளியில் டீயும் சோறும் இறக்கினார். கிளாஸும் தட்டும் காலியாக வந்தன. தீயணைப்பு வண்டிக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்து, தங்களிடம் இருக்கிற ஏணி பத்தாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். குழந்தைகள் விழுந்துவிடக்கூடாது என்று சின்னச்சாமி கம்பி கட்டி, குழியின்மேல் கான்கிரீட் போட்டு மூடி, வாளி போக மட்டும் ஒரு ஓட்டை விட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் மேகலாவால் மறுக்க முடியவில்லை.

பங்குனியில், வீதியில் இருந்த போர்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வற்றி, மாநகராட்சித் தண்ணீரும் எப்போதாவது வந்துகொண்டிருந்த நாட்களில், டீ வாளி நிறையத் தண்ணீரோடு மேலே வந்தது. குளிர்ந்த, இனிப்பான தண்ணீர். சின்னச்சாமி ஓட்டைக்குள் குழாய் இறக்கி மோட்டார் வைத்தார். கொஞ்ச நாளிலேயே வீதிக்காரர்களுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அவன் மனசைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள் அல்லவா? அவன் வருத்தப்பட்டால் வீடு இன்னும் கீழே போய் ஊற்றைத் தொடும், தண்ணீர் பெருகும். தேறினால் குறையும். எதிர்வீட்டுக் கமலவேணிதான் முதலில் ஓட்டையில் வாயை வைத்து, “தம்பி, உங்க பெங்களூர்க்காரரு வேற கம்பெனிக்குப் போயிட்டாராமா” என்றாள். அன்றைக்குக் குடங்கள் நிரம்பி வழிந்தன.

அதிலிருந்து தினமும் காலையில் கான்கிரீட்டின்மேல் வரிசை நின்றது. தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள் ஆளுக்கொரு கெட்ட சேதி கொண்டுவர வேண்டும் என்பது சொல்லாமலே வழக்கமாயிற்று. உண்மையான கெட்ட சேதிகள் தீர்ந்ததும் இட்டுக்கட்டினார்கள். பொய் சொல்லி ஏற்றிவிட்டவர்களே பொய் சொல்லி இறக்கினார்கள், முன்னே இருந்த அதே அக்கறையோடு, அதே ஒற்றுமையோடு. டேனியல் ஊரைவிட்டே போய்விட்டான். மேகலா மட்டும் எல்லோரும் போன பிறகு ஓட்டையருகே குனிந்து, அன்றைக்கு நடந்ததை நடந்தபடி சொல்லுவாள். ஆனால் அத்தனை பொய்க்கு நடுவே அவளுடைய ஒரு நிஜம் எவ்வளவு தூரம் போய்ச் சேரும்? கயிறு ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்பட்டது. மணிச்சத்தம் கேட்க, காதைத் தரையில் வைக்க வேண்டியிருந்தது.

அடுத்து வந்த தைப்பொங்கலுக்குக் கொஞ்ச நாள் முன்னால் பாப்பாத்தி வந்தாள். இந்தமுறை அவள்மேல் பொடி இல்லை. கையில் ஒரு மஞ்சப்பை.

“மிஷினு நின்னதும் எங்கூட்டுக்காரரு வண்டிக்காரனத் திருப்பி அனுப்பிச்சுட்டாருங்க அம்மிணி. நாலாவது குழி போடவே இல்ல. காடு தப்பிச்சுது. மழைய நம்பிச் சோளம் வெதச்சோம், ஓரளவு வந்திருக்குது. அந்தத் தம்பிகிட்டச் சொல்லோணும்.”

மேகலா சட்டென்று எழுந்தாள். நவநீதன் சந்தோஷத்தில் பொங்கிப்போவான் என்று அவளுக்குத் தெரியும். இதைக் கேட்பதற்காகவே பிறந்தவன் அவன். பாப்பாத்தியையும் கூட்டிக்கொண்டு, வரிசையை விலக்கி ஓட்டையருகே போனாள். அவள் முகத்திலிருந்தே சேதி நல்ல சேதி என்று வரிசைக்குப் புரிந்துவிட்டது.

“ரெண்டு நாளு பொறுத்துச் சொல்லுங்களே அம்மிணி,” என்றார் சின்னச்சாமி, மரியாதையாகத்தான். “கமலவேணி மகளுக்கு ஞாயித்துக்கெழம கண்ணாலம். வெளியூர்ல இருந்து வர்ற அத்தன ஒறம்பரைக்கும் தண்ணி வேணுமில்லீங்களா?”

அவள் மண்டியிட்டு ஓட்டையில் வாயை வைத்தாள். பாப்பாத்தி சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னாள். பாப்பாத்தியின் பையிலிருந்து ஒரு பிடி சோளத்தை அள்ளி உள்ளே போட்டு, வாளிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு குழாய் இருமிற்று, காற்றாகத் துப்பிற்று, நின்றது. அவள் கையில் விறைப்பாக இருந்த வாளிக்கயிறு தொய்ந்தது; இன்னும் தொய்ந்தது; வளையம் வளையமாக அவள் மடியில் வந்து சேர்ந்தது. கீழே மணி அடித்தது. எல்லோர் காதுக்கும் கேட்டது.

“வர்றான்! எந்தம்பி வர்றான்! எல்லாரும் எறங்குங்க, இந்தக் கான்கிரீட்ட ஒடைங்க!”

பாப்பாத்தி பையைப் போட்டுவிட்டு இறங்கி, கடப்பாரை தேடி ஓடினாள். மணி மறுபடி அடித்தது, இன்னும் பக்கத்தில். கான்கிரீட் அதிர்ந்து காலிக் குடங்கள் ஒன்றோடொன்று மோதின. வரிசையில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு, நின்ற இடம் போய்விடக் கூடாது என்று, குடங்களை இன்னும் கொஞ்சம் நெருக்கி வைத்துக்கொண்டு நின்றார்கள்.